சரக்கு வராத பில்

வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் வந்துவிட்டால் திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஒருவகைப் புரோக்கர்கள் சுறுசுறுப்பாகிவிடுவார்கள். அவர்கள் நூலும் விற்பதில்லை, துணியும் விற்பதில்லை. "சரக்கெல்லாம் வராதுங்க, பில்லு மட்டும்தானுங்க. ரெண்டு பர்சென்ட் குடுத்தீங்கன்னா போதும்" என்பார்கள். ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் தொழிலில் இருப்பதால் இந்தப் பேச்சு என் அலுவலகம் வரைக்கும் வந்து சேரும். "வாங்கிக்கலாமுங்களா சார்?" என்று கேட்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. பனியன் தைக்கும் பவர் டேபிள் மெஷின் பத்துப் பதினைந்து போட்டு, பார்ட்டி பணம் எப்போது வரும் என்று காத்திருக்கும் சின்ன முதலாளிகள்தான். அவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 10 லட்சம் ரூபாய்க்குப் பருத்தி நூல் வாங்கியதாக ஒரு பில். அதற்கு 5 சதவீத வரி 50,000 ரூபாய். புரோக்கருக்கு 20,000 கொடுத்துவிட்டு அந்த 50,000-ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது சரக்கு வாங்கும்போதே கொடுத்துவிட்ட வரியாகக் காட்டி, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டால் கையில் 30,000 மிச்சம். சரி, பில் கொடுத்தவர் அந்த வரியை அரசுக்குக் கட்டினாரா? கட்டியிருந்தால் 20,000 ரூபாய்க்கு பில்லை விற்றிருக்க முடியாதே.

இரண்டு மூன்று வருடம் கழித்து அவருடைய ஜிஎஸ்டி பதிவு ரத்தாகும். அவரிடம் பில் வாங்கியவர்களுக்கெல்லாம் வரிசையாக நோட்டீஸ் வரும். கழித்த 50,000-ஐத் திருப்பிக் கட்ட வேண்டும். 18 சதவீத வட்டி, மூன்று வருடத்துக்கு 27,000. அபராதம் இன்னொரு 50,000. இதோடு விடாது. வருமான வரிக் கணக்கில் அந்த 10 லட்சத்தைச் செலவாக ஏற்க மாட்டார்கள். லாபத்தோடு சேர்த்து அதற்கும் வரி கேட்பார்கள். பொய்யாக எழுதிய தொகை முழுவதையும் அபராதமாக விதிக்கவும் வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

"யாருக்குங்க தெரியப் போகுது?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். திருப்பூரில் ஒரு கிலோ நூல் நிட்டிங் (துணி பின்னுவது), டையிங் (சாயம் போடுவது), காம்பாக்டிங் (துணியை அழுத்திச் சீராக்குவது) என்று பல படி ஏறி இறங்கித்தான் கட்டிங் டேபிளுக்கு வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் சலான் உண்டு, எடை உண்டு, கூலி பில் உண்டு. வராத நூலுக்கு இதில் எதைக் காட்டுவீர்கள்? தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு நகர்ந்தால் பொதுவாக இ-வே பில் (சரக்கு வண்டியில் போவதற்கு இணையத்தில் எடுக்கும் சீட்டு) போட வேண்டும், அதில் வண்டி எண் இருக்கும். 2021 முதல் இ-வே பில் விவரத்தை ஃபாஸ்டேக் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சேலத்திலிருந்து அவிநாசிக்கு நூல் ஏற்றி வந்த லாரி, விஜயமங்கலம் டோலில் அன்றைக்குப் பதிவாகவே இல்லை என்றால் விசாரணையில் என்ன பதில் சொல்வது? லாரி என்று போட்ட எண் ஸ்கூட்டர் எண்ணாக இருந்த பில்களும் உண்டு.

என்னை அதிகம் வருத்துவது இந்த பில்களுக்குப் பின்னால் இருக்கும் பெயர்கள். செக்கிங் வேலைக்குப் போகும் ஒரு தம்பியிடம், லோன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி ஆதார், பான் கார்டு, வீட்டு ஈபி பில் வாங்கி, போனில் வந்த ஓடிபியையும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். லோன் வரவில்லை. அவர் பெயரில் ஒரு நூல் கம்பெனி கோடிக்கணக்கில் வியாபாரம் செய்ததாக நோட்டீஸ்தான் வந்தது. வாடகை வீட்டுத் திண்ணையில் அவருடைய அம்மா அதைப் பிரித்துக் காட்டியபோது அந்தத் தொகையை அவர்களுக்கு வாசித்துச் சொல்லவே சங்கடமாக இருந்தது. இப்படிப் பொய் பில் மூலம் போன வரி 5 கோடியைத் தாண்டினால் 5 வருடம் வரை சிறை, அதுவும் ஜாமீன் எளிதில் கிடைக்காத குற்றம். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்க அந்தத் தம்பிதான் அலைய வேண்டும். உங்கள் பான் எண்ணில் எத்தனை ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது என்று ஜிஎஸ்டி இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். உங்களிடம் வேலை செய்பவர்களுக்கும் பார்த்துச் சொல்லுங்கள்.

நேர்மையாக இருந்தும் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சரக்கு உண்மையாகவே வந்திருக்கும், பில் கொடுத்தவர் வரி கட்டாமல் விட்டிருப்பார். அதனால் புதிய சப்ளையர் என்றால் முதல் லோடு எடுப்பதற்கு முன்பே அவருடைய ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு, பதிவு எப்போது எடுத்தது, ரிட்டர்ன் ஒழுங்காகப் போடுகிறாரா என்று பாருங்கள். பணத்தை பேங்க் வழியாகவே கொடுங்கள். எடைச்சீட்டு, லாரி வாடகை ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி அறிக்கையை, அதாவது சப்ளையர்கள் உங்கள் பெயரில் போட்ட பில்களின் பட்டியலைக் கணக்குப் பிள்ளையிடம் விட்டுவிடாமல் நீங்களும் ஒருமுறை படியுங்கள். தெரியாத பெயரில் பில் ஏறியிருந்தால் நிராகரிக்க ஜிஎஸ்டி தளத்திலேயே வசதி வந்துவிட்டது.

இன்னொரு பக்கம், பில்லே போடாமல் விற்பவர்கள். வரி மிச்சம் என்று நினைக்கிறார்கள். பேங்க்கில் நடைமுறை மூலதனக் கடன் (அன்றாடத் தொழில் செலவுக்கான கடன்) கேட்டுப் போகும்போது விற்றுமுதலில் 20 சதவீதம் என்பதுதான் சிறு தொழிலுக்கான வழக்கமான கணக்கு. 2 கோடிக்கு விற்றுவிட்டு 80 லட்சம் காட்டினால் 40 லட்சம் கிடைக்க வேண்டிய இடத்தில் 16 லட்சம்தான் வரும். மீதியைக் கந்து வட்டிக்கு வாங்குவார்கள். அப்புறம் ஜாப் வொர்க் செய்பவர்கள் கவனிக்க: 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பது சரக்கு விற்பவர்களுக்கு. கூலிக்குத் தைப்பது சேவை, அதற்கு வரம்பு 20 லட்சம்தான்.

ஏற்கெனவே அப்படி ஒரு பில் வாங்கிக் கழித்துவிட்டவர்கள் நோட்டீஸ் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். நோட்டீஸ் வருவதற்கு முன் வரியையும் வட்டியையும் தாமாகவே டிஆர்சி-03 படிவத்தில் கட்டினால் அபராதம் வரித் தொகையில் 15 சதவீதத்தோடு முடியும். நோட்டீஸ் வந்த பிறகு, குறித்த கெடுவுக்குள் கட்டினால் 25 சதவீதம். அதையும் தாண்டி உத்தரவு வரை இழுத்தால் முழுத் தொகை வரை போகும். உங்கள் ஆடிட்டரிடம் எதையும் மறைக்காமல் சொல்லி, இந்த மாத ரிட்டர்ன் போடும்போதே அதை முடித்துவிடுங்கள்.