வெல்டிங் வெளிச்சமும் பனிமலை வெளிச்சமும்

கோவை கணபதி பக்கம் கண் மருத்துவமனை வைத்திருப்பவருக்குச் சனிக்கிழமை இரவு முழுத் தூக்கம் கிடையாது. வாரக் கடைசியில் ஆர்டரை முடித்துக் கொடுக்கப் பட்டறைகளில் வெல்டிங் ஓடும். வேலை செய்யும்போது கண்ணில் ஒன்றும் தெரியாது. சாப்பிட்டுப் படுத்த பிறகு, பத்து பதினொரு மணிக்கு, மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும், தண்ணீர் கொட்டும், விளக்கைப் பார்க்கவே முடியாது. "வெல்டிங் வெளிச்சம் பட்டுருச்சுங்க டாக்டர்" என்று கையைப் பிடித்துக் கூட்டி வருவார்கள். வருவது பெரும்பாலும் வெல்டர் இல்லை, அவர் முகமூடி போட்டிருப்பார். பக்கத்தில் ஜாப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஹெல்பர் பையன்தான் மாட்டுவான்.

போன பிப்ரவரியில் ஓர் இரவு, அதே நேரத்துக்கு, அதே புலம்பலோடு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. வந்த இடம் காஷ்மீர், குல்மார்க்.

அனுப்பியவர் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிற தம்பி. கண்ணாடிக்குப் பவர் பார்க்க என்னிடம் வருபவர், கேமரா பைத்தியம். நண்பர்களோடு பனிச்சறுக்குக்குப் போயிருந்தார். அதுவும் இயந்திரத்தால் அழுத்திச் சமன் செய்த சறுக்குத் தடத்தில் இல்லை. உள்ளூர் வழிகாட்டியோடு தடத்தை விட்டு விலகி, யாரும் கால் வைக்காத சரிவில் ஏறி, முழங்கால் ஆழப் புதுப்பனியில் சறுக்கி இறங்குவது. அந்தப் பனிக்குப் 'பவுடர்' என்று பெயர். "கோலமாவுக்குள்ள நீந்துற மாதிரி இருந்துச்சுங்க" என்று பிற்பாடு சொன்னார். அப்படி இறங்குகிற நண்பர்களைப் படம் எடுப்பது இவருடைய வேலை.

இருட்டறையில் இருக்கச் சொல்லி, வலிக்கு என்ன மாத்திரை என்று சொன்னேன். மறுநாள் சாயங்காலம் பீளமேடு விமான நிலையத்திலிருந்து நேராக வந்துவிட்டார். அவர் அம்மா ஒரு கவரில் நந்தியாவட்டைப் பூவோடு காத்திருந்தார்.

கண்ணில் சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். கருவிழியின் மேல் தோல் உரிந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளிகளாக மின்னும். ஹெல்பர் பையன்களிடம் பார்ப்பதே தான். ஆனால் இடது கண்ணில் புள்ளிகள் அதிகம், வலதில் குறைவு.

"வலது கண்ணிலதான் கேமரா பார்ப்பீங்களா தம்பி?"

"ஆமாங்க. எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

வலது கண் வியூஃபைண்டரோடு ஒட்டி, கேமராவின் மறைவில் இருந்திருக்கிறது. இடது கண் திறந்தபடி வெளியே. அப்புறம் மெதுவாகக் கேட்டேன், லென்ஸ் முனையில் என்ன மாட்டியிருந்தீர்கள் என்று. "யுவி ஃபில்டருங்க. லென்ஸ்ல கீறல் விழக்கூடாதுங்கல்ல?"

எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை.

இதற்குப் பனிக்குருடு என்று பெயர். பெயர்தான் பயங்கரம், உண்மையில் கருவிழிக்கு வரும் வெயில் புண். யுவி என்கிற புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல் அடுக்கைச் சுட்டுவிடுகிறது. சுட்ட செல்கள் உதிர ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், வலி அப்போதுதான் தொடங்கும். உள்ளதிலேயே மோசமான விஷயம் இந்தத் தாமதம்தான். அடுப்பில் கை பட்டால் உடனே இழுத்துக்கொள்கிறோம். இங்கே சுடுவது தெரியாமல் நாள் முழுக்க நிற்போம்.

"பிப்ரவரிக் குளிர்ல என்னங்க வெயில்?" என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. நம் கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம். குல்மார்க் ஊரே நம் தொட்டபெட்டா உச்சி அளவு, ஏறக்குறைய 2,650 மீட்டர். அங்கிருந்து கம்பிவட வண்டியில் அஃபர்வாட் மலைக்குப் போனால் 4,000 மீட்டரை நெருங்கிவிடுவோம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் போலக் கூடும். அதைவிடப் பெரிய சங்கதி தரை. புல் தரை இந்தக் கதிரில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்பும், கடற்கரை மணல் 15 சதவீதம். புதுப்பனி 80 சதவீதம் வரை திருப்பும். புருவமும் தொப்பியும் மேலிருந்து வரும் வெயிலுக்குத்தான் காவல். பனியில் வெயில் கீழிருந்தும் அடிக்கிறது. அவருக்குத் தாடைக்கு அடியிலும் தோல் சிவந்திருந்தது.

காகிள்ஸ் வாங்காமல் போகவில்லை, நல்லதாகவே வாங்கியிருந்தார். நண்பர் எடுத்த படங்களைக் காட்டினார். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் காகிள்ஸ் ஹெல்மெட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஏறும்போது வியர்த்து உள்பக்கம் ஆவி படிகிறது, கழற்றுகிறார். வியூஃபைண்டரில் கண் வைக்க இடிக்கிறது, கழற்றுகிறார். போலரைஸ்டு கண்ணாடி வழியாகக் கேமராத் திரையைச் சில கோணத்தில் பார்த்தால் கறுப்பாகத் தெரியும், மறுபடி கழற்றுகிறார். மதியம் மேகம் மூடியதும் மேடு பள்ளம் தெரியவில்லை என்று கழற்றியவர் திரும்பப் போடவே இல்லை. மெல்லிய மேகத்தைப் புற ஊதாக் கதிர் சுலபமாகத் தாண்டி வரும் என்பது பலருக்குத் தெரியாது.

ஆகவே போகிறவர்களுக்கு என் யோசனை: மலை ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று இரண்டு வையுங்கள். ஏறும்போது பக்கவாட்டு மறைப்புள்ள, காற்று புகும் கறுப்புக் கண்ணாடி. இறங்கும்போது காகிள்ஸ். இரண்டிலும் 'யுவி 400' தடுப்பு இருக்க வேண்டும். வெறும் கறுப்பு நிறம் போதாது. தடுப்பில்லாத கறுப்புக் கண்ணாடி இன்னும் ஆபத்து, ஏனென்றால் இருட்டுக்குக் கண்மணி விரிந்து அதிகக் கதிரை உள்ளே விடும். மேகமான நேரத்துக்கு வெளிர் நிற லென்ஸ் கிடைக்கிறது, அதிலும் தடுப்பு உண்டு. எல்லாம் தொலைந்துவிட்டால் அட்டையில் பார்க்க மட்டும் மெல்லிய கீறலாக வெட்டிக் கண்ணில் கட்டிக்கொள்ளுங்கள். ஆர்க்டிக் இன்யூட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் செய்து போட்டதும் இதே கீறல் கண்ணாடிதான். பழைய ரகக் கேமராவின் கண்ணாடி வியூஃபைண்டரில் டெலிலென்ஸ் போட்டுச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. அது சுடுவது விழித்திரையை, தோல் மாதிரி அது வளராது.

வந்துவிட்டால்? கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள், தேய்க்காதீர்கள், இருட்டில் இருங்கள். மருத்துவர் சொட்டும் களிம்பும் தருவார். ஓரிரு நாளில், அதிகம் போனால் மூன்று நாளில் ஆறிவிடும். அதற்கு மேலும் வலி, பார்வை மங்கல் இருந்தால் தாமதிக்க வேண்டாம். தாய்ப்பால், உருளைக்கிழங்குத் துண்டு, விளக்கெண்ணெய், அம்மா கொண்டுவந்த நந்தியாவட்டை, எதுவும் தோல் உரிந்த கண்ணுக்குள் போகக் கூடாது. பூவைத் தலையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், கோபித்துக்கொண்டார்.

பட்டறைக்காரர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். பரிசோதனைக்காக நாங்கள் விடும் மரப்புச் சொட்டு போட்ட நொடியில் வலி போய்விடும். "அதையே எழுதிக் குடுங்க" என்று கேட்காதவர்கள் இல்லை. திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாது, கருவிழியே கரைந்த கேஸ்கள் உண்டு. ஸ்டீராய்டு கலந்த சொட்டை மெடிக்கலில் கேட்டு வாங்கி விடுவதும் அதே அளவு தப்பு.

இந்த ஜனவரியில் அவருடைய நண்பர்கள் மூவர், போவதற்கு முன்பே கண்ணாடிகளோடு வந்தார்கள். கீழே ஆப்டிகல் கடையில் யுவி மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு தேறின. மூன்றாவது ஊட்டியில் ரோட்டோரம் வாங்கியது, கன்னங்கரேல் என்றிருந்தது, கதிரைத் தாராளமாக விட்டது. கடைப் பையனிடமே அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொண்டு போனார்.