கீபோட்டின் நினைவு கோப்பாக மாறுவது எப்படி?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ திருமண மண்டபங்களில் வாசிக்கும் கீபோட் கலைஞர் ஒருவர், கர்நாடக இசையின் கமகங்களுக்காகச் சுருதியை வளைக்கும் சில்லின் வீச்சைக் கூட்டியிருப்பார். எந்தக் குமிழ் எதை இயக்க வேண்டும் என்பதையும் தம் கைப்பழக்கத்துக்கேற்ப வகுத்திருப்பார். கருவியைப் பொறுத்தவரை இவை அனைத்தும் வெறும் எண்களே.

பழைய கருவிகள் பலவற்றில் இவ்வெண்கள் சிறிய லித்தியம் மின்கலமொன்றின் தயவில் நிலைத்திருக்கின்றன. புதியவற்றிலோ மின்சாரமின்றியே தகவலைக் காக்கும் ஃபிளாஷ் நினைவகம் அவற்றைத் தாங்குகிறது. ஆகவே, 2022 இல் கொழும்பு அனுபவித்த நீண்ட மின்வெட்டுகள் போன்றவை சேமித்த அமைப்புகளை அழிப்பதில்லை; மாற்றிவிட்டுச் சேமிக்காதவையே பறிபோகும். அஞ்ச வேண்டியது உள்ளே ஓசையின்றி வலுவிழக்கும் மின்கலத்துக்குத்தான்.

இவ்வெண்களை வெளியே எடுக்கும் வழி, இசைக்கருவிகளும் கணினிகளும் தமக்குள் செய்தி பரிமாறுவதற்காக 1983 இல் அறிமுகமான மிடி நெறிமுறையிலேயே இருக்கிறது. சுரங்களுக்கான செய்திகள் எல்லா நிறுவனக் கருவிகளுக்கும் பொதுவானவை. ஆனால் சிஸெக்ஸ் எனப்படும் தனிச்செய்தியின் உள்ளடக்கத்தை அந்தந்த நிறுவனமே தீர்மானிக்கிறது. அது 240 என்ற எண்ணில் தொடங்கி 247 இல் முடியும். தொடக்கத்தை அடுத்து நிறுவனத்தின் அடையாள எண் வரும்: ரோலண்டுக்கு 65, கோர்க்குக்கு 66, யமஹாவுக்கு 67. தனக்குரியதல்லாத எண்ணைக் கண்ட கருவி அச்செய்தியைப் பொருட்படுத்தாது.

இடையிலுள்ள தரவு பைட்டுகள் 0 முதல் 127 வரை மட்டுமே இருக்கலாம். ஒரு பைட்டிலுள்ள எட்டு பிட்டுகளில் எட்டாவது, அந்த பைட் தரவா கட்டளையா என்பதைக் காட்டுவதற்கென்று ஒதுக்கப்பட்டுள்ளது. அதனால் முழு எட்டு பிட் தகவலை அனுப்ப வேண்டிய கருவிகள், பெரும்பாலும் 7 பைட்டுகளை 8 ஆகப் பிரித்துக் கட்டுகின்றன. யமஹா டிஎக்ஸ்7 என்ற கீபோட் தன் 32 ஒலியமைப்புகளையும் 4,104 பைட்டுகள் கொண்ட ஒரே செய்தியாக அனுப்புகிறது. மிடிக் கம்பியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒவ்வொரு பைட்டும் தொடக்க, முடிவுக் குறிகளோடு 10 பிட்டுகளாகச் செல்வதால், அச்செய்தி கணினியை அடைய ஏறத்தாழ 1.3 விநாடி போதும். கணினி செய்வதெல்லாம், வந்ததை வந்தபடியே கோப்பில் எழுதி வைப்பதுதான். அதன் பொருள் கணினிக்குத் தெரிய வேண்டியதில்லை.

திருப்பி அனுப்புவதில்தான் சிக்கல்கள் எழுகின்றன. சேமித்தவை தவறுதலாக மாறாமல் காக்கும் நினைவகப் பூட்டு திறந்திருக்க வேண்டும். செய்தியிலுள்ள கருவி எண், அந்தக் கருவியில் அமைத்துள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். பழைய கருவியாயின், செய்திகளுக்கிடையே சிறு இடைவெளி விடாவிட்டால் அதன் தற்காலிக நினைவகம் நிரம்பி வழிந்துவிடும். பல நிறுவனங்கள் செய்தியின் இறுதியில் சரிபார்ப்பு எண்ணொன்றைச் சேர்க்கின்றன. தரவுகளையும் அதையும் கூட்டி 128 ஆல் வகுத்தால் மீதி 0 வர வேண்டும். வராவிடில் கருவி செய்தியை ஏற்க மறுக்கலாம். எனினும் இது முழுக் காவலன்று: இரண்டு பைட்டுகள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாதல்லவா? எனவே, கோப்பைக் கருவியில் ஏற்றியபின் கருவியிலிருந்து மீண்டும் ஒரு பிரதி எடுத்து, இரண்டையும் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடுவதே நம்பகமான சோதனை.