பிரஷர் நோட்டில் இரண்டு எண்களைக் கழித்துப் பாருங்கள்

பக்கவாதத்திலிருந்து மீண்டவர்களின் பிரஷர் நோட்டைப் புரட்டினால் 168/72, 164/70 என்று வரிசையாக இருக்கும். "கீழ் பிரஷர் எண்பதைத் தாண்டலையே, பயமில்ல" என்று வீட்டில் ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். அந்த ஆறுதல் தவறு. 168-இல் 72-ஐக் கழித்தால் 96. வயதானவர்களுக்கு இந்த வித்தியாசம் 60-ஐத் தாண்டினாலே பெரிய ரத்தக்குழாய்கள் விறைத்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். (இதய வால்வு கசிவு, ரத்தசோகை, தைராய்டு கோளாறிலும் வித்தியாசம் கூடும், அதை மருத்துவர் பிரித்துச் சொல்வார்.)

இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது, அதிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி விரிந்து ஒரு பங்கைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ளும். இதயம் தளரும் நேரத்தில் அது சுருங்கி, வைத்திருந்ததை முன்னே அனுப்பும். மேல் எண் எகிறாமலும் கீழ் எண் இறங்கிவிடாமலும் காப்பது இந்த மீள்தன்மைதான். வயது, கவனிக்காமல் விட்ட பிரஷர், சர்க்கரை, புகை, சிறுநீரகக் கோளாறு எல்லாம் சேர்ந்து குழாய்ச் சுவரில் ரப்பர் போல இழுபட்டுச் சுருங்கும் எலாஸ்டின் இழைகளைத் தேய்த்துவிடுகின்றன. விறைப்பான கொலாஜன் நாரும் கால்சியமும் அங்கே சேர்கின்றன. பிறகு ஒவ்வொரு துடிப்பின் அடியும் தணியாமல் மூளைக்குப் போகிறது. ஓயாமல் ரத்தம் கேட்கும் உறுப்பு என்பதால் மூளையின் குழாய்களில் தடை குறைவு. அடி நேராக ஆழத்திலுள்ள மெல்லிய குழாய்கள் வரை இறங்குகிறது; சிறு அடைப்புகளும் கசிவுகளும் அங்கே உண்டாகின்றன. கழுத்து ஸ்கேனில் கொழுப்பு அடைப்பு இல்லை என்று வந்தாலும் விறைப்பு இருக்கலாம். இரண்டும் வேறு வேறு.

கழுத்திலும் தொடை இடுக்கிலும் நாடியைப் பதிவு செய்து, துடிப்பு அலையின் வேகத்தைக் கணக்கிடும் பரிசோதனை இருக்கிறது. குழாய் விறைக்க விறைக்க அலை வேகமாக ஓடும். நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் போனால் விறைப்பு அதிகம். அந்தக் கருவி எல்லா ஊரிலும் கிடைக்காது. வீட்டு நோட்டைச் சரியாக எழுதச் சொல்வது அதனால்தான்.

பாதிக்கப்படாத கையிலேயே அளவெடுங்கள். பக்கவாதம் வந்த கையின் இறுக்கமோ தொய்வோ அளவைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். காலையில் மாத்திரைக்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காபியோ பீடியோ கூடாது. கருவியின் கைப்பட்டை இதய மட்டத்தில், சட்டைக்கு மேல் இல்லாமல் இருக்கட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, மாலையிலும் அப்படியே. 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு சராசரி எடுங்கள்.

பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இலக்கு 130/80-க்குள். அளவு நார்மல் ஆனதும் மாத்திரையை நிறுத்துவதுதான் மறுபடி பக்கவாதம் வருவதற்கு நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் காரணம். நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். உப்பு வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதும் இந்தக் கணக்கில் அடங்கும்.

விறைத்த குழாய் உள்ளவர்களுக்கு எழுந்து நிற்கும்போது பிரஷர் சட்டென்று இறங்கவும் செய்யும். எனவே வாரம் ஒருமுறை, ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொள்ள, நின்ற 1-வது, 3-வது நிமிடத்தில் அளந்து எழுதுங்கள். மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் மாத்திரையை நீங்களாகக் குறைக்காமல் நோட்டோடு மருத்துவரிடம் போங்கள்.