"சபைக்குள்ளேயே பேசி முடித்துவிட்டோம்" என்று இனிச் சொல்லாதீர்கள்

"சபைக்குள்ளேயே பேசி முடித்துவிட்டோம், சிஸ்டர். அவரும் அழுது மன்னிப்புக் கேட்டார். பிள்ளையும் மன்னித்துவிட்டாள்."

மருத்துவ சமூகப் பணியில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன வாக்கியம். இந்த மாதமும் வந்தது. பிள்ளை வயிற்று வலி என்றோ, மறுபடி படுக்கையை நனைக்கிறாள் என்றோ, பள்ளிக்கூடம் போக மறுக்கிறாள் என்றோதான் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறாள். பொறுமையாகக் கேட்டால், அவளுக்கு நடந்த பாலியல் அத்துமீறலின் கதை சபை வேனில் தொடங்கும், அல்லது வெள்ளிக்கிழமை இலவச ட்யூஷனில். எல்லாரும் "அங்கிள்" என்று கூப்பிடும் ஒருவரில் போய் நிற்கும். அதற்குள் மூப்பர்கள் கூடிப் பேசி, ஜெபித்து, கைகுலுக்கிக் கலைந்திருப்பார்கள்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் சபை என்னவாக இருக்கிறது என்பது தெரியாமல் இதை எழுதவில்லை. அம்மா அப்பா இருவரும் விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறிவிடுகிறார்கள். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள். அவர்களுக்குச் சோறு போட்டு, வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து, பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து விடும் ஒரே இடம் பல நேரம் சபைதான். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் எந்தப் பெற்றோரும் கேள்வி கேட்பதில்லை. தவறு செய்ய நினைப்பவனும் அந்த நம்பிக்கையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறான்.

முதலில் நாட்களை எண்ணிப் பாருங்கள். வெள்ளி இரவு நடக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து அம்மா பாஸ்டரிடம் சொல்கிறார். மூப்பர் கூட்டம் செவ்வாய் இரவு. 72 மணி நேரம் அதற்குள் கடந்துவிட்டது. உடலிலும் உடுப்பிலும் இருக்கும் தடயங்களை எடுப்பதற்கும், எச்ஐவி தடுப்பு மருந்தைத் தொடங்குவதற்கும் அந்த 72 மணி நேரம்தான் கணக்கு. நீங்கள் ஒருமனப்பட்டு முடிவெடுத்த அந்த நேரத்தில் பிள்ளை இழந்தது இது.

வசனம் காட்டுகிறார்கள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மத்தேயு 18:15, சகோதரன் குற்றம் செய்தால் தனியே போய் உணர்த்து என்கிறது. இரண்டு பெரியவர்களுக்குள் வந்த மனத்தாங்கலுக்குப் பொருந்தும் வசனம் அது. ஒன்பது வயதுப் பிள்ளையை, அவளைத் தொட்டவனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைப்பதற்கு அதில் இடமே இல்லை. அதே அதிகாரத்தில் ஒன்பது வசனம் முன்னால் போங்கள். சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டுவதைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். அதை ஏன் யாரும் அந்தக் கூட்டத்தில் வாசிப்பதில்லை?

அடுத்தது 1 கொரிந்தியர் 6: விசுவாசிகள் வழக்குக்குப் போகக்கூடாதாம். பவுல் அங்கே "அற்ப வழக்குகள்" என்றே எழுதுகிறார். பிள்ளையின் உடல் அற்ப வழக்கா? பிறகு 1 தீமோத்தேயு 5:19, மூப்பனுக்கு எதிரான பிராதுக்கு இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்பது. அது சபை தன் மூப்பனை விசாரிக்கும் முறை. காவல் நிலையத்துக்கு யார் போகலாம் என்பதைப் பற்றி அது பேசவே இல்லை. இந்தக் குற்றம் சாட்சி இல்லாத இடம் பார்த்து நடப்பது. அதனால்தான் நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், வேறு சாட்சி இல்லாவிட்டாலும் பிள்ளையின் வாக்குமூலத்தை வைத்தே தண்டனை கொடுக்க நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது.

மன்னிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மன்னிப்பது அந்தப் பிள்ளை வளர்ந்து, தனக்கு நடந்தது இன்னது என்று புரிந்துகொண்டு, தானாக எடுக்க வேண்டிய முடிவு. பத்துப் பெரியவர்கள் சுற்றி நிற்க, பாஸ்டர் தலையில் கை வைக்க, "மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா" என்றால் எந்தப் பிள்ளை மறுக்கும்? அவள் சொன்னதற்குப் பெயர் பயம். பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு மனந்திரும்பியபோது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று தானே எழுந்து சொன்னான். உண்மையிலேயே மனந்திரும்பியவன் காவல் நிலையத்துக்குத் தானே நடந்து போகட்டும். சபை அவனோடு ஜெபிக்க விரும்பினால் சிறையிலும் போய் ஜெபிக்கலாம்.

சட்டமும் உங்களை விடாது. மேலே சொன்ன 2017 சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காத எவருக்கும் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் விதிக்கலாம். "எவரும்" என்பதில் பாஸ்டர் உண்டு, மூப்பர் உண்டு, ஞாயிறு பள்ளி ஆசிரியை உண்டு. குடும்பத்தார் சமாதானமாகிவிட்டார்கள் என்பதால் வழக்கு நின்றுவிடாது. வழக்கைத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது அரசுத் தரப்பு வழக்கறிஞர்தான்.

சரி, பிள்ளை உங்களிடம் வாய் திறந்துவிட்டாள். என்ன செய்ய வேண்டும்?

கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பு இல்லை" என்பது போதும். யார், எப்போது, அந்த ஆள் இப்போது உன் வீட்டில் இருக்கிறானா, இந்த மூன்றுக்கு மேல் கேட்காதீர்கள். "இங்கே தொட்டானா, அங்கே தொட்டானா" என்று நீங்களே வார்த்தையை எடுத்துக் கொடுத்தால், பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அம்மாவிடம் ஒரு முறை, பாஸ்டரம்மாவிடம் ஒரு முறை, மூப்பர்களிடம் ஒரு முறை என்று திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். குழந்தைகளை விசாரிக்கப் பயிற்சி பெற்ற போலீஸ் அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவு செய்ய முடியும். 16 வயதுக்குக் குறைந்த சாட்சி திரைக்குப் பின்னாலிருந்தோ, வேறு அறையிலிருந்து நேரலை வழியாகவோ பேச 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்கிறது. பிள்ளை தமிழும் மலாயும் கலந்து பேசியிருந்தால் அப்படியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். தேதி, நேரம் போட்டுக் கையெழுத்திடுங்கள்.

குளிக்க வைக்காதீர்கள். உடுப்பைத் துவைக்காதீர்கள். காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுப்போகும். நேராக அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இப்படிப் பாதிக்கப்பட்டவர்களை ஒரே இடத்தில் கவனிக்கும் ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர் அங்கேதான் இயங்குகிறது. போலீஸ் ரிப்போர்ட் இல்லாமலும் பார்ப்பார்கள். சமூக நல இலாகாவுக்குத் தகவல் கொடுப்பது டாக்டரின் கடமை. 72 மணி நேரம் தாண்டிவிட்டதென்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். மாதங்கள் கழித்துச் சொல்லும் பிள்ளைகள்தான் அதிகம், அப்போதும் வாருங்கள். எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் அரசின் உதவித் தொலைபேசி எண்ணான தாலியான் காசே 15999-ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

அந்த ஆளிடம் போய்க் கேட்காதீர்கள். "ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்வோம்" என்பது உங்களுக்கு நியாயமாகத் தோன்றலாம். அன்று இரவே கைப்பேசியில் இருந்ததெல்லாம் அழியும், பிள்ளை வீட்டுக்கு யாராவது தூது போவார்கள். போலீசிடம் சொன்னபின், அவர்கள் சொல்கிறபடி, அன்றே அவரைப் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எல்லா ஊழியத்திலிருந்தும் நிறுத்துங்கள். வேன் சாவி, மண்டபச் சாவி இரண்டையும் வாங்கிவிடுங்கள். வேறு ஊர்ச் சபைக்கு மாற்றிவிடாதீர்கள், அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தயவுசெய்து, ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் பிள்ளையின் பெயரைப் போடாதீர்கள். "இன்னார் மகளுக்காக ஜெபியுங்கள், விவரம் பிறகு" என்றால் அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரியும். 2001-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 15-ஆவது பிரிவு பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதுவும் ஊடகத்தில் வெளிவரக் கூடாது என்கிறது. ஆதாரம் என்று நினைத்து ஆபாசப் படத்தை மற்றவருக்கு அனுப்பினால் அதுவே தனிக் குற்றம். கைப்பேசியை அப்படியே போலீசிடம் கொடுங்கள்.

இன்னொரு பழக்கம், பிள்ளையை ஊரை விட்டு அனுப்பிவிடுவது. தெரிந்த ஊழியக்காரர் நடத்தும் இல்லத்துக்கு ஒரு பையோடு போய்விடுகிறாள். பள்ளிக்கூடமும் தோழிகளும் தம்பியும் போய்விடுகிறார்கள், அங்கிள் மட்டும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தண்டனை யாருக்கு? பலரைத் தங்க வைத்துப் பராமரிக்கும் இல்லம் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்தவர் பிள்ளையைத் தன் பொறுப்பில் எடுக்கும் எவரும் ஒரு வாரத்துக்குள் குழந்தைப் பாதுகாவலருக்கு, அதாவது சமூக நல இலாகா அதிகாரிக்கு, தெரிவிக்கவும் வேண்டும். "வெல்ஃபேரில் சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள்" என்ற பயம் எனக்குப் புரிகிறது. தற்காலிகமாக அழைத்துச் சென்றாலும் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தின் முன் நிறுத்தியாக வேண்டும். பிள்ளையை நம்பி அவள் பக்கம் நிற்கும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அவளை அவரிடமே விடச் சொல்லிக் கேட்க அங்கே வழி உண்டு.

முன்னெச்சரிக்கை பெரிய வேலை இல்லை. ஞாயிறு பள்ளி அறைக் கதவில் கண்ணாடி வையுங்கள். எந்த வகுப்பிலும் வேனிலும் இரண்டு பெரியவர்கள், அவர்கள் கணவன் மனைவியாக இருக்கக்கூடாது. கடைசியாக இறங்கும் பிள்ளை ஓட்டுநரோடு தனியாகப் போகக்கூடாது. பிள்ளைகளோடு வேலை செய்ய வருபவரின் பெயர், பிள்ளைகளுக்கு எதிரான குற்றத்தில் தண்டனை பெற்றவர்களைப் பதிந்துவைக்கும் குழந்தைகள் பதிவேட்டில் இருக்கிறதா என்று சமூக நல இலாகாவிடம் சரிபார்க்கலாம். பெயர் இல்லை என்றால் நல்லவர் என்று பொருளில்லை, மாட்டவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

பாஸ்டர், மூப்பர்களே, வழக்கு நீளும். ஒவ்வொரு தேதிக்கும் அந்த அம்மா நாள்சம்பளத்தை விட்டுவிட்டு ஈப்போவுக்கோ கோலகங்சாருக்கோ போக வேண்டும். போகும் வழியெல்லாம் சபையில் பாதிப்பேர் தன்னோடு பேசுவதில்லை என்பதை நினைத்துக்கொண்டே போவார். அன்று காலை ஏழு மணிக்கு யாராவது ஒரு அக்காவை வேனோடு அந்த வீட்டு வாசலுக்கு அனுப்புங்கள். சாப்பாட்டுப் பொட்டலமும் தண்ணீரும் இருக்கட்டும். நீதிமன்ற வாசலில் கடைசிவரை கூடவே உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள்.