பாதரசத்தை உள்ளே இழுத்து ஆவியாக்கும் பாக்டீரியா

பாதரசம் ஒரு தனிமம். எந்தப் பாக்டீரியாவாலும் அதைத் தின்று தீர்க்க முடியாது, வடிவத்தை மாற்றத்தான் முடியும். ஆனால் விஷம் கூடுவதும் குறைவதும் அந்த வடிவத்தைப் பொறுத்துத்தான்.

நீரில் கரைந்த பாதரச அயனி, புரதங்களில் உள்ள கந்தகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அந்தப் புரதம் வேலைக்கு ஆகாது. இதைத் தாங்கும் பாக்டீரியாக்களிடம் 'மெர்' என்றொரு மரபணுத் தொகுப்பு இருக்கிறது. விஷம் என்றால் வெளியே தள்ளுவதுதானே வழக்கம்? இவை உள்ளே இழுக்கின்றன! செல்லின் இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே மெர்-பி (MerP) என்ற குட்டிப் புரதம் தன் கந்தகங்களால் அயனியைப் பிடித்து, உள்சவ்வில் இருக்கும் மெர்-டியிடம் கொடுக்க, அது உள்ளே கடத்திவிட, கடைசியில் மெர்-ஏ என்ற நொதி வாங்கி இரண்டு எலக்ட்ரான்களை அதில் ஏற்றிவிடுகிறது. கந்தகத்திலிருந்து கந்தகத்துக்கு இப்படிக் கைமாறியே வருவதால், வழியில் வேறு புரதங்களைக் கெடுக்க அயனிக்கு வாய்ப்பு குறைவு. எலக்ட்ரான் ஏறியதும் அது பழைய தெர்மாமீட்டரில் இருந்த அதே உலோகப் பாதரசம். சவ்வைத் தாண்டிக் கசிந்து ஆவியாகிவிடும். இத்தனைக்கும் மெர்-ஆர் என்ற காவல் புரதத்தில் பாதரசம் வந்து ஒட்டினால்தான் இந்த மரபணுக்கள் முழுவீச்சில் இயங்கும், சும்மா கிடக்கும்போது செலவு மிச்சம்.

எதிர்த்திசையில் போகிறவையும் உண்டு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்பேட்டைச் சுவாசிக்கும் சில பாக்டீரியாக்கள், அதே பாதரசத்தோடு மெத்தில் தொகுதியை (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) ஒட்டிவிடுகின்றன. அந்த மெத்தில் மெர்குரிதான் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி நம் தட்டுக்கு வருவது. இதைச் செய்யும் இரண்டு மரபணுக்களை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2013இல்தான் கண்டுபிடித்தது. (1956இல் வெளியே தெரிந்த ஜப்பானின் மினமாட்டா நோய்க்கு இவற்றைக் குறை சொல்ல வேண்டாம், அங்கே மெத்தில் மெர்குரி ஆலைக் கழிவிலேயே வந்தது.) மெர் தொகுப்பு உள்ள சில பாக்டீரியாக்களிடம் மெர்-பீ (MerB) என்ற இன்னொரு நொதியும் உண்டு, பெயர் குழப்பினாலும் வேலை தெளிவு: கார்பனுக்கும் பாதரசத்துக்கும் இடையிலான பிணைப்பை வெட்டி, மிச்சத்தை மெர்-ஏவிடம் தள்ளிவிடும்.

சரி, ஆவியாகிப் போனது எங்கே போகும்? காற்றுக்குத்தான், அங்கிருந்து மழையோடு வேறு எங்கோ இறங்கும். அதனால் திறந்தவெளியில் இதை அவிழ்த்துவிடுவதை நான் சுத்தம் என்று சொல்லமாட்டேன். ஜெர்மனியில் பாதரசம் கலந்த குளோரின் ஆலைக் கழிவுநீருக்குச் செய்தது உருப்படியான வழி: மூடிய தொட்டிக்குள் பாக்டீரியாவைப் படலமாக வளர்த்தார்கள், பாதரசம் துளித்துளியாக உள்ளேயே தங்கியது, தப்பியதைப் பிடிக்கக் கரி வடிகட்டி.