பின்னால் உருளத் தெரிந்த கிங்டா கா

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மலை ரயில் ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றது. இறங்கிய அக்கா மகள் தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் பல்வரிசையைப் பார்த்துவிட்டு, "மாமா, இந்தப் பல் இல்லன்னா வண்டி பின்னாடியே போயிடுமா?" என்றாள்.

போய்விடும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏறும் இடங்கள் உண்டு. அந்தச் சரிவில் இரும்புச் சக்கரம் இரும்பு மேல் வழுக்கும். அதனால்தான் எஞ்சினின் அடியில் ஒரு பல்சக்கரம். அது பல்வரிசையில் மாட்டி மாட்டிப் பெட்டிகளைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது.

அவள் கேட்டதும் எனக்கு கிங்டா கா ஞாபகம் வந்துவிட்டது. நான் நியூ ஜெர்சியில் வேலை பார்த்தபோது ஜாக்சனில் ஏறிய ரோலர் கோஸ்டர் அது. நம் ரயில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அதே 2005-இல் திறந்தது. 139 மீட்டர் உயரம். உச்சியைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில் கீழே பைன் காடு தெரியும். ஊட்டிக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். 2024 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் கோபுரத்தை வெடிவைத்துச் சாய்த்தார்கள். அந்த வீடியோவை ஒரு தரம் பார்த்தேன், மறுபடி பார்க்க மனசு வரவில்லை.

சாதாரண ரோலர் கோஸ்டரை ஒரு சங்கிலி மேலே இழுக்கும். அப்போது வரும் 'டக் டக்' சத்தம், வண்டியின் அடியில் உள்ள கொக்கி படிப்படியான பற்களில் விழும் சத்தம். சங்கிலி அறுந்தாலும் கொக்கி விடாது. நம் மலை ரயிலுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

கிங்டா காவில் சங்கிலி கிடையாது. எண்ணெயைப் பம்ப் செய்து நைட்ரஜன் வாயுவை அழுத்தி வைத்திருப்பார்கள். திறந்துவிட்டதும் அந்த அழுத்தம் மோட்டார்களைச் சுழற்றும், மோட்டார்கள் ஒரு உருளையில் கம்பிவடத்தைச் சுற்றும், வடம் வண்டியை இழுக்கும். மூன்றரை நொடியில் மணிக்கு 206 கி.மீ. அதோடு வடம் விட்டுவிடும். மிச்ச ஏற்றம் முழுக்க அந்த வேகத்தின் தயவில்தான்.

கணக்குப் போடுவோம். 206 கி.மீ. என்றால் நொடிக்கு சுமார் 57 மீட்டர். அந்த வேகம், எந்தத் தடையும் இல்லாவிட்டால், ஏறத்தாழ 167 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும். கோபுரமோ 139. நடுவில் உள்ள 28 மீட்டர்தான் காற்றும் உராய்வும் தின்பதற்கான பங்கு. எதிர்க்காற்று பலமாக அடித்தாலோ உந்துதல் கொஞ்சம் குறைந்தாலோ வண்டி உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று, வந்த வழியே திரும்பும். இதை ரோல்பேக் என்பார்கள். ரசிகர்கள் அதற்காகத் தவம் கிடப்பார்கள். எனக்கு அது வாய்க்கவே இல்லை.

இறங்கும் வண்டியை யார் பிடிப்பது? காந்தம். வண்டி கிளம்பும்போது படுத்திருக்கும் பிரேக் தகடுகள், அது கடந்து போனதும் எழுந்து நிற்கும். காந்தமும் உலோகத் தகடும் ஒன்றையொன்று வேகமாகக் கடந்தால் தகட்டுக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது தன் காந்தப்புலத்தால் அசைவை எதிர்க்கும். தொடுவதில்லை, தேய்வதில்லை. கரண்ட் போனாலும் வேலை செய்யும். வீட்டிலேயே பார்க்கலாம்: பழைய ஹார்டு டிஸ்க் காந்தத்தைச் சாய்த்த அலுமினியத் தட்டில் விடுங்கள். தேனில் இறங்குவது போல மெதுவாக இறங்கும்.

"அப்போ நம்ம ரயிலுக்கும் காந்தம் வைக்கலாமே?" என்றாள். நல்ல கேள்வி. வேகம் இருந்தால்தான் அந்த மின்னோட்டம் பிறக்கும். வேகம் குறையக் குறைய பிடியும் குறையும். நின்ற வண்டியைப் பிடிக்கவே பிடிக்காது. கிங்டா காவின் பிரேக்குகள் சமதரையில் இருந்தன, அதனால் வேகத்தைக் குறைத்தாலே போதும். இங்கே சரிவில் காந்தத்தை மட்டும் நம்பினால் வண்டி அந்தத் தட்டுக் காந்தம் போல நிற்காமல் கல்லாறு வரை இறங்கிக்கொண்டே இருக்கும்.

எஞ்சின் ஊதியது. அவள் பல்வரிசையை இன்னொரு முறை எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்து ஏறினாள்.