அசிட் ஊத்த முதல் அடைப்பு எங்க எண்டு பாருங்கோ

மாரி தொடங்கி நாலு மழை வடிவா விழுந்த உடன பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு எண்டு எல்லாப் பக்கத்தாலயும் ஒரே மாதிரித்தான் கோல் வரும், "தம்பி ரொயிலற் அடைச்சுப் போச்சு, கெதியா வாங்கோ" எண்டு. போய்ப் பாத்தா கனக்க வீடுகளில பைப்புக்குள்ள அடைப்பெண்டு ஒண்டுமே இருக்காது, ரொயிலற் குழி நிரம்பி தண்ணி போக இடமில்லாம நிக்கும், ஆனா நாங்கள் போக முதலே அந்தச் சனம் ரெண்டு போத்தில் அசிட்ட ஊத்தி, இரும்புக் கம்பியால குத்தி, கொமட்டின்ர அடியையும் வெடிக்க வைச்சிருப்பினம். காசும் போய், இருந்த சாமானும் பழுதாப் போறதப் பாக்க உண்மையா மனசு கஸ்ரமாக் கிடக்கு. அதாலதான் இத எழுதுறன். இதுக்கு நீங்கள் பிளம்பிங் படிச்சிருக்கத் தேவையில்ல, உங்கட வீட்டுத் தண்ணி எந்த வழியால எங்க போகுது எண்டு தெரிஞ்சா காணும்.

முதல்ல பாக்க வேண்டியது, ஒரு இடத்தில மட்டும் தண்ணி நிக்குதா இல்லாட்டி எல்லா இடத்திலயும் நிக்குதா எண்டதத்தான். குசினி சிங்க் மட்டும் இறங்குதில்ல, பாத்ரூம் தண்ணி வடிவாப் போகுது எண்டா பிரச்சினை பெரும்பாலும் சிங்குக்குக் கீழ, கையெட்டுற தூரத்திலதான். ஆனா கொமட்டில தண்ணி இழுக்கேக்க பாத்ரூம் நிலத்தில இருக்கிற ஓட்டைக்குள்ளால கொடகொட எண்டு சத்தம் வருது, அதால ஊத்தைத் தண்ணியும் மேல வருது எண்டா கொமட்ட நோண்டி வேலையில்ல, ரெண்டும் சேர்ந்து போற பெரிய பைப்பிலயோ குழியிலயோதான் விசயம் இருக்கு. தண்ணி திரும்பி வந்தா ஆகப் பதிஞ்ச வாயாலதான் முதல் வெளிய வரும், அதால நிலத்து ஓட்டைதான் எப்பவும் முதல் காட்டிக் குடுக்கும்.

அடுத்தது எப்ப தொடங்கினது, எப்பிடித் தொடங்கினது எண்டது. கிழமைக் கணக்கா கொஞ்சம் கொஞ்சமா மெதுவாகி வந்தா அது எண்ணெய், சவர்க்காரம், கல்லுப் படிஞ்சது. எங்கட கிணத்துத் தண்ணி கனக்க இடத்தில சவர், கேத்திலுக்க வெள்ளையா படையாப் பிடிக்கிறதப் பாத்திருப்பியள், அந்தச் சுண்ணாம்பும் சவர்க்காரமும் சேர்ந்துதான் பைப்புக்குள்ள ஒரு தடிச்ச அழுக்காப் பிடிக்கிறது. நேற்று வரைக்கும் நல்லா இருந்து இண்டைக்குத் திடீரெண்டு நிண்டா ஏதோ பொருள் போயிருக்கு, துணி, சவர்க்காரக் கட்டி, சாம்பூ பக்கற், பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமான். வருசா வருசம் அதே இடத்தில திருப்பித் திருப்பி அடைச்சா மர வேர் பூந்திருக்கும் இல்லாட்டி பைப் ஒரு இடத்தில பதிஞ்சு வாட்டம், அதுதான் தண்ணி ஓடுற சரிவு, குழம்பியிருக்கும். மழையோட வந்து மழையோட போனா குழி.

மான்ஹோல் எண்டு ஒண்ட மேசன்மார் வீட்டுக்கும் குழிக்கும் நடுவில விட்டிருப்பினம், சதுரமா ஒரு சின்னக் கட்டு, மேல கொங்கிறீற் மூடி. அதத் திறந்து பாத்தா பாதி விடை அதிலயே கிடைக்கும். அதுக்குள்ள தண்ணி நிரம்பி நிண்டா அடைப்பு அதுக்கு அங்கால, குழிப் பக்கம். காய்ஞ்சு கிடந்தா அடைப்பு இங்கால, வீட்டுப் பக்கம். முள்ளியவளையில ஒரு வீட்டில பவுசருக்குக் காசு குடுத்து குழிய இறைச்ச பிறகும் கொமட்டில தண்ணி அப்பிடியே நிண்டது. நான் மூடியத் தூக்கினா உள்ளுக்க காய்ஞ்சு எறும்பு ஊருது. "அக்கா ஒருக்கா தண்ணிய இழுங்கோ" எண்டு சொல்லிப் பாத்துக்கொண்டு நிண்டன், ஒரு சொட்டும் வரேல்ல. அடைப்பெடுக்கிற ஸ்பிரிங் கேபிள மான்ஹோல் பக்கத்தால விட்டு, ஒரு ஆறடியில தட்டுப்பட்ட உடன சுத்திச் சுத்தி இழுக்க, பிள்ளைக்குத் துடைக்கிற ஈரத் துணி கயிறு மாதிரி முறுகி வந்தது. பைப்ப வாளால அரிஞ்ச மேசன் அந்த வாயில இருந்த பிசிற அராவாம அப்பிடியே ஒட்டிப்போட்டார், அதில ஒரு துணி கொழுவி, அதில மற்றது கொழுவி அடைச்சிருக்கு. "தம்பி, இதுக்கே நாங்கள் குழிய இறைச்சனாங்கள்?" எண்டு அந்த அக்கா கேட்டா. அந்த மூடிய முதலே திறந்து பாத்திருந்தா அந்தக் காசு மிஞ்சியிருக்கும். ஈரத் துணி பக்கற்றில என்னதான் எழுதியிருந்தாலும் அது தண்ணியில கரையாது, பம்பர்ஸும் பெண்பிள்ளையள் பாவிக்கிற நாப்கினும் அப்பிடித்தான். ஒரு மூடி போட்ட வாளிய பாத்ரூமுக்க வையுங்கோ.

வீடு கட்டுறவை இத வடிவாக் கேளுங்கோ. மான்ஹோலுக்கு மேல ரைல்ஸ் பதிக்கவோ சீமெந்து பூசவோ விடாதேங்கோ, பைப் திரும்புற ஒவ்வொரு மூலையிலயும் ஒண்டு கேளுங்கோ, 90 பாகை எல்போவ விட்டிட்டு ரெண்டு 45 பாகை பென்ட் போடச் சொல்லுங்கோ. 110 மில்லிமீற்றர் பைப்புக்கு 10 அடிக்கு ரெண்டரை அங்குலம் வாட்டம் குடுத்தா காணும். பொருத்துக்கு ஒழுங்கா கம் பூசாம செருகி விட்டா கோடையில ஈரம் தேடி வேம்பும் மாவும் அதுக்குள்ளாலதான் வேர் விடும்.

குசினிக்கு வாறன். எங்கட சமையல் தேங்காயில்லாம நடக்காது, அதால எங்கட சிங்கும் தேங்காயாலதான் அடைக்குது. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கிட்டக் குறைஞ்சா உறைஞ்சிடும், மார்கழிப் பனிக்க காலமை போத்திலக் கவிட்டா எண்ணெய் வராம நிக்கிறது எல்லாருக்கும் தெரியும், அதேதான் சிங்குக்குக் கீழ இருக்கிற பைப்புக்குள்ளயும் நடக்குது. கறிச்சட்டி கழுவின எண்ணெய், பிழிஞ்ச தேங்காய்ப்பூ, பாத்திரம் தேய்ச்ச தும்பு, சாம்பல், தேயிலைச் சாயம் வடிச்ச சக்கை எல்லாம் அதில ஒட்டி ஒட்டி, கழட்டிப் பாத்தா ரெண்டு அங்குலப் பைப்பில பென்சில் போற ஓட்டைதான் மிஞ்சியிருக்கும். சட்டிய ஒரு பேப்பர்த் துண்டாலயோ வாழையிலையாலயோ வழிச்சு எறிஞ்சிட்டுக் கழுவினா இதில முக்காவாசி வராது. இன்னொண்டு, சோத்துக் கஞ்சியக் கொதிக்கக் கொதிக்க சிங்குக்க வடிக்காதேங்கோ. பீவீசி பைப் 60 பாகைக்கு மேல இளகத் தொடங்கும், தொடர்ந்து கொதி கஞ்சி போனா பைப் வளைஞ்சு தொங்கும், பொருத்தும் விடும், கஞ்சி வேற ஆறினாப் பசை. மாட்டுக்கோ கோழிக்கோ வையுங்கோ. சிங்க் அடைச்சா கீழ இருக்கிற வளைஞ்ச துண்டத்தான் நாங்கள் ட்ரப் எண்டு சொல்லுறது, ஒரு வாளிய வைச்சிட்டு அதின்ர வளையத்தக் கையாலயே கழட்டலாம், கழுவிப் பூட்டினா கனக்க அடைப்பு அவ்வளவோட முடிஞ்சுது, அதுக்கு என்னைக் கூப்பிடத் தேவையில்ல.

வன்னியில பெரிய விசயம் குழிதான். 2009க்குப் பிறகு திரும்பி வந்து குடியேறின கனக்க வளவுகளில முதல்ல இருந்தது மூலையில ஒரு தனி ரொயிலற், வாளியால தண்ணி ஊத்துறது, ஒருக்காலுக்கு ரெண்டு மூண்டு லீற்றர்தான் போகும், அதுக்கேத்த அளவில ஒரு சின்னக் குழி. பிறகு வீடு பெருத்து, லோனோ வெளிநாட்டுக் காசோ வந்து, அற்றாச் பாத்ரூம் கட்டி கொமட் வைச்சு சவர் பூட்டி வோசிங் மெசினும் வாங்கி, அவ்வளவு தண்ணியையும் கொண்டுபோய் அதே பழைய குழிக்கே குடுத்திருப்பினம். கொமட் தாங்கி மட்டும் ஒருக்கா இழுத்தா 6 தொடக்கம் 9 லீற்றர், குளிக்கிற தண்ணி அதுக்கும் எத்தினையோ மடங்கு. குழி தாங்குமே? அது அடைப்பில்ல, அளவு காணாது.

குழி வெட்டினதும் ஆடி ஆவணியில, கிணறு அடியில கிடக்கிற காலத்தில. கார்த்திகை மார்கழியில நிலத்தடித் தண்ணி எழும்பி வரேக்க குழியின்ர அடி தண்ணிக்குள்ள நிக்கும், இரணைமடு வாய்க்கால் கரையோர வளவுகளில வாய்க்காலுக்குத் தண்ணி விட்டாலும் இப்பிடித்தான் வாறது. இதப் பாக்கிறதுக்கு ஒரு கருவியும் தேவையில்ல, கிணத்த எட்டிப் பாருங்கோ. கிணத்துத் தண்ணி கைக்கெட்டுற உயரத்தில நிண்டா குழியும் அந்த மட்டத்திலதான் நிக்குது, அந்த நேரம் பிரதேச சபை பவுசரக் கூப்பிட்டு இறைச்சா நிலத்தில இருந்து ஊறி ரெண்டு மூண்டு நாளில திரும்பவும் நிரம்பும். பிளாஸ்ரிக் தாங்கி தாட்டு வைச்சிருக்கிறவை மாரிக்க முழுசா இறைக்கவே கூடாது, வெறுமையான தாங்கியத் தண்ணி மேல தூக்கிப் பைப்ப உடைச்சுப் போடும். அந்த நேரத்துக்கு செய்யக்கூடியது குளிக்கிற தண்ணியையும் உடுப்புத் தோய்க்கிற தண்ணியையும் குழியில இருந்து பிரிச்சு வேற பைப்பால வாழைப் பக்கம் விடுறது, குழிக்கு ரொயிலற் தண்ணி மட்டும். மழை விட்ட பிறகு யோசிச்சு, பதிஞ்ச வளவெண்டா மண் நிரப்பி உயர்த்திக் கட்டுங்கோ, குழியின்ர அடி மாரித் தண்ணி மட்டத்துக்கு ஒண்டரை மீற்றராவது மேல நிக்க வேணும், கிணத்தில இருந்து எவ்வளவு தள்ளி எண்டத பிஎச்ஐயிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட) கேட்டு அளந்து வெட்டுங்கோ. தங்கட வளவுக்க நிக்குதெண்டு குழித் தண்ணிய வாய்க்காலுக்கு வெட்டி விடுற ஆக்களும் இருக்கினம், அது கீழ இருக்கிற வீட்டுப் பிள்ளையளுக்கு வருத்தத்த அனுப்புற வேலை, தயவுசெய்து செய்யாதேங்கோ. குழி மேவின வளவெண்டா கிணத்துத் தண்ணிய கொதிக்க வைச்சுக் குடியுங்கோ, பிஎச்ஐயிட்டச் சொல்லி குளோரின் போடுங்கோ.

குழிக்குள்ள மட்டும் ஆரும் இறங்கக் கூடாது. மூக்கப் பொத்திக்கொண்டு ஒரு நிமிசம்தானே எண்டு இறங்கிறதுதான் ஆள் போற வழி. அழுகின முட்டை மணம் அடிக்கிற அந்த வாயு காத்த விடப் பாரம், அடியில தங்கும், கூடிப்போச்செண்டா மூக்கு அந்த மணத்தையே அறியாது, மணமில்லைத்தானே எண்டு நினைக்கிற நேரம்தான் ஆள் விழுறது. விழுந்தவரத் தூக்க இறங்கின மற்றவரும் விழுவார். மீதேனும் இருக்கிறதால சிகரெட், விளக்கு கிட்டக் கொண்டுபோகாதேங்கோ. புதுசா குழி வெட்டேக்க மண்ணுக்க வெடிபொருள் மாதிரி என்னவும் தட்டுப்பட்டா மண்வெட்டிய அப்பிடியே விட்டிட்டு விலகி பொலிசுக்கு அறிவியுங்கோ, கண்ணிவெடி எடுத்து முடிஞ்ச இடமெண்டாலும் அப்பிடித்தான்.

அசிட்டுக்கு வாறன். ரொயிலற் கழுவுற அசிட் துணியையோ பம்பர்ஸையோ கரைக்காது, நிரம்பின குழிய வெறுமையாக்காது, சீமெந்து வளையத்த அரிக்கும், குழிக்குள்ள மலத்த உக்க வைக்கிற கிருமியளையும் கொல்லும். கோஸ்ரிக் சோடாவ ஊத்தினா சூடாகிக் கொதிச்சு முகத்துக்கு அடிக்கும். இதெல்லாத்தையும் விட மோசம், அசிட் ஊத்திப் போகேல்ல எண்டு அதுக்கு மேல குளோரின் பிளீச்ச ஊத்துறது, பூட்டின பாத்ரூமுக்க குளோரின் வாயு வந்து நெஞ்ச அடைக்கும். ஏதும் செய்யத்தான் வேணுமெண்டா றப்பர் பம்ப வைச்சு, அதின்ர வாய் தாழுற அளவுக்குத் தண்ணி விட்டு, பக்கத்து ஓட்டைய ஈரச் சாக்கால அமத்திக்கொண்டு அடியுங்கோ.

அடைப்பில்லாம மணம் மட்டும் வாற வீடும் இருக்கு. வெளிநாட்டில இருக்கிற ஆக்களின்ர பூட்டின வீடுகளில கோடை வெக்கைக்கு ட்ரப்புக்க நிக்கிற தண்ணி வத்திப் போகும், அந்தத் தண்ணிதான் குழி வாயுவையும் கரப்பானையும் மறிச்சுக்கொண்டு நிக்கிறது. வீட்டப் பாக்கிற ஆளிட்டச் சொல்லி கிழமைக்கு ஒருக்கா ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு வாளி தண்ணி ஊத்துவியுங்கோ. அப்பிடியும் மணமெண்டா காத்துப் பைப்பின்ர உச்சிய அண்ணாந்து பாருங்கோ, நுளம்பு வலை தூசியால அடைச்சிருக்கும், இல்லாட்டி குளவி கூடு கட்டியிருக்கும்.

கடைசியா, எங்களை மாதிரி வேலையாக்களுக்குக் கோல் எடுக்கேக்க எந்த ஓட்டையில தண்ணி நிக்குது, எண்டைக்குத் தொடங்கினது, கடைசியாக் குழி எப்ப இறைச்சது, மான்ஹோல் எங்க, கிணத்தில தண்ணி எவ்வளவு நிக்குது எண்டதச் சொல்லுங்கோ, வாறவர் ஏத்த சாமானோட வருவார். வந்தவரிட்ட அடைப்பு எங்க இருக்கு, எத வைச்சுச் சொல்லுறியள் எண்டு கேட்டிட்டு கிண்ட விடுங்கோ. அசிட்டோ பிளீச்சோ ஊத்தியிருந்தா அத எல்லாத்துக்கும் முதல் சொல்லுங்கோ, பைப்பக் கழட்டேக்க அது வந்து விழுறது குனிஞ்சுகொண்டிருக்கிற எங்கட கண்ணிலதான்.